தேதி சொல்லாத வணக்கம்

அத்தியாயம் 14

தமிழ்மொழிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்த ஓவியாவுக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சீராக மூச்சு வந்தது. நொய்க்கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து மாமியார் கூப்பிட்டார்.

“ஓவியா, இங்க கொஞ்சம் வா.”

“புள்ளைக்குக் கஞ்சி ஆத்துறேன் அத்தை.”

“அது தானா ஆறும். நீ வந்து டிவியைப் பாரு. நீதான் வர்றே.”

கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள்.

மூன்று வாரமாக அலைமுகம் டிவியில் செய்தி கிடையாது. நகைக்கடை விளம்பரமும் பழைய பாட்டுகளும்தான் மாறி மாறி ஓடின. வாசிக்க ஆளில்லை, படம் பிடிக்க ஆளில்லை, வெட்டி ஒட்ட ஆளில்லை. எல்லோரும் வேலைநிறுத்தம் என்று பாரதியார் சாலையில், அலுவலகத்துக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று பாட்டு இல்லை. கத்தரிப்பூ நிறச் சேலையில், மேசை மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, திரையில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

“வணக்கம். அலைமுகம் செய்திகள். வாசிப்பது ஓவியா மணிபாரதி.”

முதலில் மின்தடை அறிவிப்பு. அடுத்து ஒரு குத்துவிளக்குச் சுடர் ஆடி மறைந்தது. மறுபடி அவள் முகம்.

“பட்டினச்சேரியைச் சேர்ந்த பெரியவர் இயற்கை எய்தினார். அன்னாரின் குடும்பத்தாருக்கு அலைமுகம் டிவி ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது.”

கீழே பெயர் ஓடியது. பக்கத்தில் மாலை போட்ட புகைப்படம். நீலமேகத்தின் அப்பா.

நீலமேகம் அலைமுகத்தின் வேன் ஓட்டுநர். பந்தலில் முதல் நாளிலிருந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதர். அவருடைய அப்பா இறந்தது முந்தாநாள். நேற்று அடக்கத்துக்கு ஊழியர் சங்கத்தில் உள்ள எல்லோரும் பட்டினச்சேரிக்குப் போனார்கள். ஓவியா மட்டும் போகவில்லை. காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த பிள்ளையை விட்டுவிட்டு அவளால் நகர முடியவில்லை.

“நேத்து மத்தியானம் மருந்துக்கடைக்குன்னு போனியே, அப்பவா?” என்றார் மாமியார் ஞானசௌந்தரி.

“ஐயோ, மருந்துக்கடைக்குத்தான் போனேன் அத்தை. இது எப்பவோ எடுத்தது.”

“எப்பவோ எடுத்ததா? அந்த மனுசன் செத்ததே முந்தாநேத்துதானே?”

கேள்வியில் தப்பில்லை. ஊரே இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அவள் கணவன் மணிபாரதி அறையிலிருந்து வந்திருந்தான். முதலாளியோடு பேச்சுவார்த்தை நாள் என்பதால் தேய்த்த வெள்ளைச் சட்டை. திரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றான்.

“என்னங்க, இது வைகாசியில நாம எடுத்த ஸ்டாக்தானே? நீங்கதானே கேமரா பிடிச்சீங்க? அத்தைகிட்ட சொல்லுங்க.”

அவன் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தான்.

“அப்புறம் பேசுவோம். எனக்கு நேரமாச்சு.”

“ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்.”

“அப்புறம்னு சொல்றேன்ல?”

மகளை எட்டிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஸ்டாக் என்பது உள்ளூர் டிவிக்காரர்களின் புழக்கத்தில் உள்ள சொல். ஆள் இல்லாத நாளுக்கென்று முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் படம். வைகாசியில் குலதெய்வப் படையலுக்காக ஓவியாவுக்கு ஒரு வாரம் விடுப்பு தேவைப்பட்டது. முதலாளி ஜெயபிரகாஷ் முகத்தைச் சுளித்தார். அப்போது அவளேதான் அந்த யோசனையைச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சேலை மாற்றி மாற்றி வாசித்தாள். தேதி சொல்லாத வணக்கம். கிழமை சொல்லாத மின்தடை. பெயர் சொல்லாத இரங்கல்; பெயர்தான் கீழே எழுத்தில் ஓடுமே. அதோடு விட்டாளா? தலத்தெரு, நிரவி, கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, பட்டினச்சேரி என்று வட்டாரத்து ஊர்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ‘சேர்ந்த பெரியவர்’, ‘சேர்ந்த அம்மையார்’ என்று சொல்லி வைத்தாள். எந்த ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அன்றைக்கு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று எடுத்ததை அப்படியே வைத்தார்கள்.

“இனிமே நீங்க மாசக்கணக்குல லீவு போட்டாலும் எனக்குக் கவலையில்லம்மா” என்று ஜெயபிரகாஷ் சிரித்தார். அவளுக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது. அலைமுகத்தில் ஊழியர் சங்கம் தொடங்கியதை அலைமுகத்திலேயே ஒரு செய்தியாக்கினாள் நிருபர் ஆஃப்ரின். அதைத் திரையில் வாசித்தவள் ஓவியா. மறுநாள் வேலை போனது எழுதியவளுக்கு மட்டும். ஊருக்குத் தெரிந்த முகத்தின் மேல் கை வைக்க ஜெயபிரகாஷுக்குத் துணிச்சல் இல்லை. ஆஃப்ரினைத் திரும்ப எடு, எல்லோருக்கும் பணி ஆணை கொடு என்று கேட்டுத்தான் வேலைநிறுத்தம். சங்கச் செயலாளர் மணிபாரதி.

செய்தி மறு ஒளிபரப்பானது. ஓவியா இந்தத் தடவை தரையில் உட்கார்ந்து, தன் முகத்தையே கவனித்தாள்.

எங்கேயோ ஏதோ உறுத்தியது. பட்டினச்சேரி வந்தது, பெரியவர் வந்தார், இரங்கல் வந்தது. திரையில் இருந்தவள் ஒரு தடவைகூடக் கண்ணை இமைக்கவில்லை.

அவள் திரைக்கு இன்னும் அருகே நகர்ந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘ரொம்பக் கண்ணைச் சிமிட்டுறீங்க’ என்று யாரோ நேயர் எழுதியதற்கு அவள் வீட்டில் அழுதாள். அன்றிலிருந்து அவள் இமைக்கும் இடங்களையெல்லாம் நறுக்கி எடுத்துவிட்டு, அங்கே படம் தாண்டுவது தெரியாமல் ஒரு விளக்கையோ கடலையோ போட்டு மூடுவது ஒருவனின் வழக்கம். வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. ‘இப்ப அம்மன் மாதிரி இருக்கீங்க அண்ணி’ என்பான்.

“அத்தை, அகரன் எங்க?”

“விடிஞ்சதும் நாகூருக்குப் போயிட்டான். யாருக்கோ கல்யாண வீடியோ வெட்டித் தரணுமாம். இவனுக்குப் பேசின பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்கு வேலை இருக்கா இல்லையான்னு முணுமுணுக்கிறாங்கல்ல? எத்தனை நாளைக்குத்தான் பந்தல்ல குந்திக்கிட்டு இருப்பான்?”

அலைமுகத்தில் எடிட்டர் ஒருவன்தான். அவன் மணிபாரதியின் தம்பி.

* * *

மதியம் பந்தலுக்குப் போனபோது யாரும் அவளுக்கு இடம் ஒதுக்கவில்லை. வழக்கமாக அவள் உட்காரும் பாயில் ஒரு பை இருந்தது. அதை எடுத்து வைக்க யாருக்கும் கை நீளவில்லை.

நீலமேகம் மொட்டைத் தலையோடு கம்பத்தில் சாய்ந்திருந்தார். அப்பாவைப் புதைத்த மறுநாளே அவர் வந்திருப்பார் என்று ஓவியா நினைக்கவில்லை.

“அண்ணே, நேத்து புள்ளைக்குக் காய்ச்சல். அதான் வரமுடியாம...”

“தெரியும் பாப்பா. டிவியில பாத்தேன்.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“எங்கப்பன் சாவுக்கு வர உனக்கு நேரமில்ல. அதை வாசிக்கப் போக நேரமிருந்துச்சு. பரவால்ல. நல்லாத்தான் வாசிச்சே. எங்காத்தா அதைப் பாத்துட்டுத்தான் இன்னும் ஒரு மூச்சு அழுதுச்சு.”

“நான் போகல அண்ணே! சத்தியமா போகல. அது வந்து...”

பழைய ஸ்டாக் என்று சொல்லிவிடலாம். சொன்ன மறுநொடி அடுத்த கேள்வி வரும். சரி, எடுத்தது பழசு. வெட்டி ஒட்டினது யாரு?

பந்தலின் ஓரத்தில், தண்ணீர் கேனுக்குப் பின்னால் அகரன் உட்கார்ந்திருந்தான். நாகூரிலிருந்து எப்போது வந்தானோ. பாட்டில் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தான். தலை நிமிரவே இல்லை.

“சொல்லு பாப்பா. அது வந்து?”

“ஒண்ணுமில்லண்ணே.”

தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போயிருந்த மணிபாரதி அந்த நேரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். காலையில் தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

“என்னாச்சு தம்பி?”

“ஒத்தி வெச்சுட்டாங்கண்ணே.”

“எதுக்கு?”

மணிபாரதி துண்டால் முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“ஜெயபிரகாஷ் போனை எடுத்து அந்த அதிகாரி அம்மா முன்னால வெச்சாரு. ‘எங்க நியூஸ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. செயலாளர் வீட்டுக்காரம்மாவே வந்து வாசிக்கிறாங்க. இவங்க சொல்ற ஸ்ட்ரைக் எங்க நடக்குது?’ன்னு கேட்டாரு. அந்தம்மா என்னைப் பாத்தாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“என்னத்தைச் சொல்றது?”

ஓவியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லோரையும் பார்த்தான், அவளைத் தவிர.

“சாயங்காலம் கூட்டம். எல்லாரும் இருங்க” என்றான்.

* * *

அரசலாற்றுப் பாலத்தை ஒட்டிய டீக்கடைக்குப் பின்னால் அகரனைப் பிடித்தாள். சொல்லிவைத்தது மாதிரி அவனும் அவளுக்காகத்தான் நின்றிருந்தான்.

“நாகூர்ல யாருக்குக் கல்யாணம் அகரா?”

அவன் கையிலிருந்த டீ கிளாஸைச் சுவர் மேல் வைத்தான்.

“கேக்கறேன்ல?”

“யாருக்கும் இல்லண்ணி.” குரல் உடைந்துவிட்டது. “ஆபீஸுக்குள்ள காலெடுத்து வைக்கல. ஜெயபிரகாஷ் சார் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து அங்க ஒரு ஸ்டூடியோவுல குடுத்தாரு. ‘நீ உள்ள வரவேணாம், வேலைக்குப் போனதா ஆகாது, யாருக்கும் தெரியாது’ன்னாரு. நெடுங்காட்டுல பொண்ணோட அப்பா ஆவணி பொறக்கறதுக்குள்ள வேலைன்னு ஒண்ணைக் காட்டச் சொல்லிட்டாரு. இல்லன்னா வேற எடம் பாத்துக்கறாங்களாம்.”

“அதுக்கு என் மூஞ்சிதான் கெடைச்சுதா?”

“மின்தடை மட்டும்தான் முதல்ல கேட்டாரு. அப்புறம்தான் நீலமேகம் அண்ணன் வீட்டுச் சாவு. ‘நம்ம ஸ்டாஃப் வீட்டுத் துக்கம்டா, போடாம இருந்தா நல்லாருக்குமா’ன்னாரு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. போட்டதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது, எதுக்குக் கேட்டாருன்னு.”

ஓவியா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். ஆற்றில் நீர் அதிகமில்லை. மீன்பிடிப் படகு ஒன்று கடலை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

“சொல்லிடுங்கண்ணி” என்றான் அகரன். “கூட்டத்துல என் பேரைச் சொல்லிடுங்க. எனக்குத் தாங்கல. சோறு எறங்க மாட்டேங்குது.”

“நீயே சொல்லேன்.”

அவன் ஆற்றைப் பார்த்தான்.

அவளுக்கு அவன் மேல் கோபம் வர மறுத்தது. அதுதான் கோபமாக வந்தது. கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் நின்றவன். அவள் கண்ணீரைத் தாங்க முடியாமல் அவள் இமைப்புகளை உட்கார்ந்து உட்கார்ந்து நறுக்கியவன்.

“உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. அவருகிட்ட எப்படிச் சொல்லப்போறோம்னுதான்...”

“அண்ணி.” அகரன் அவசரமாக இடைமறித்தான். “காலையில அண்ணன் போன் பண்ணாரு.”

“எப்போ?”

“தொழிலாளர் ஆபீஸுக்குப் போற வழியிலேயே. ‘இதோட நிறுத்திக்க’ன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல. வெச்சுட்டாரு.”

ஓவியா மெல்ல நிமிர்ந்தாள். அப்படியானால், காலையில் கடைசிப் பொத்தானைப் போட்டபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் மறு ஒளிபரப்பில் கண்டுபிடித்ததை அவன் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டிருக்கிறான். தெரிந்துகொண்டே அதிகாரி முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

* * *

பந்தலுக்குப் பின்புறம், பூட்டிய கடையின் ஷட்டர் ஓரம், மணிபாரதி தனியாக நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். தமிழ்மொழி பிறந்ததிலிருந்து விட்டிருந்த பழக்கம்.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

“தெரியும்.”

“அப்ப, கூட்டத்துல சொல்லுங்க.”

“சொல்லலாம்.” பீடியைக் காலால் தேய்த்தான். “செயலாளரோட தம்பி முதலாளிக்கு வேலை பாக்குறான்னு சொல்லலாம். நான்தான் அனுப்பி வெச்சேன்னு இங்க பாதிப் பேரு முடிவு பண்ணிடுவான். ரெண்டு பக்கமும் சம்பாதிக்கிற குடும்பம்னு பேசுவான். அதோட ஸ்ட்ரைக் முடிஞ்சுது. அவன் கல்யாணமும் முடிஞ்சுது.”

“நான்தான் போய் வாசிச்சேன்னு விட்டுட்டா?”

“பொம்பளை, புள்ளைக்கு உடம்பு சரியில்ல, ஏதோ தடுமாறிட்டான்னு விட்டுடுவாங்க. நான் உன்மேல நடவடிக்கை எடுத்தேன்னா சங்கத்து மேல நம்பிக்கை வரும்.”

அவன் இதை ரொம்ப நிதானமாகச் சொன்னான். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

“எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டீங்க.”

“நீ தாங்கிக்குவே ஓவியா.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“இப்பக் கேக்கறேன்.”

அவனுடைய கண்களில் கெஞ்சல் இருந்தது. எட்டு வருஷத்தில் அவனிடம் அவள் பார்த்திராத கெஞ்சல். அடிக்கிறவன் போல நின்றிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள். கெஞ்சுகிறவனிடம் என்ன பேசுவது?

அவள் பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனான்.

* * *

கூட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

“இன்னிக்குக் காலையில நடந்தது எல்லாருக்கும் தெரியும்” என்று மணிபாரதி ஆரம்பித்தான். “அவங்க என் மனைவிங்கிறதுக்காக நான் எதையும் மறைக்கப் போறதில்ல. சங்கக் கட்டுப்பாட்டை மீறினவங்க யாரா இருந்தாலும் சங்கத்துல இருக்கக் கூடாது. உறுப்பினர் ஓவியாவைச் சங்கத்திலேர்ந்து நீக்கணும்னு நானே முன்மொழியறேன்.”

சாலையில் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்றான் அவளிடம். மனைவியை அவன் ‘நீங்க’ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

“இல்லை.”

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

ஒன்று, இரண்டு, பிறகு மளமளவென்று கைகள் உயர்ந்தன. அகரன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர் அவனை முழங்கையால் இடித்தார். “உனக்கு அண்ணிங்கிறதால பாக்குறியா? உங்கண்ணனே தூக்கிட்டாருடா.” அகரனின் வலது கை மெதுவாக வெளியே வந்து, தோள் உயரம் வரை ஏறி, அங்கேயே நின்றது.

ஆஃப்ரின் கை தூக்கவில்லை. குனிந்து பாயின் பிரியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனவள், அவளுக்கு எதிலும் மனமில்லை என்று நினைத்து யாரும் கேட்கவில்லை.

நீலமேகமும் கை தூக்கவில்லை.

“அண்ணே?” என்றான் மணிபாரதி.

நீலமேகம் கம்பத்தைப் பிடித்து எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“மத்தியானம் அந்தப் புள்ள மேல எனக்கு அம்புட்டு ஆத்திரம் தம்பி. நாலு வார்த்தை கேட்டேன். நீ ஒரு வார்த்தை பொண்டாட்டிக்காக நிப்பேன்னு நெனைச்சேன். சண்டை போடுவே, சமாதானம் சொல்லுவேன்னு நெனைச்சேன்.” மூச்சு வாங்க நிறுத்தினார். “கட்டினவளையே இம்புட்டு லேசா தூக்கிக் குடுத்துட்டே. நாளைக்கு அந்தாளு கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சான்னா எங்களைத் தூக்கிக் குடுக்க உனக்கு எம்புட்டு நேரம் ஆகும்?”

“அண்ணே, சங்கத்துக்காகத்தான்...”

“இருக்கட்டும் தம்பி. அப்பனும் போயிட்டான். ஆத்தாவைப் பாக்கணும். எனக்குத் தெம்பில்ல.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார். எதிரே அலைமுகத்தின் மாடிப்படி. முதல் நாளிலிருந்து யாரும் மிதிக்காத அந்தப் படிகளில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பிறகு கணக்குப் பிரிவுக்காரர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

மணிபாரதி மைக்கைப் பிடித்தபடியே நின்றான். அகரன் தலையைக் கைகளில் புதைத்திருந்தான்.

எதைக் காப்பாற்றத் தன்னைக் கொடுத்தார்களோ, அது தன் கண் முன்னாலேயே எழுந்து சாலையைக் கடந்து போவதை ஓவியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

மற்றவர்கள் கலைந்த பிறகு பாய்களைச் சுருட்டியது ஆஃப்ரின்தான். ஓவியா ஒரு முனையைப் பிடித்தாள்.

“நீ ஏன் கை தூக்கல?”

“அந்த ஞாயித்துக்கிழமை உனக்கு ஊர்ப் பேரையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்ததே நான்தானே. மறந்துட்டியா?” ஆஃப்ரின் பாயை இறுக்கிக் கட்டினாள். “பட்டினச்சேரியை நீ விட்டுட்டே. ‘அது நம்ம நீலமேகம் அண்ணன் ஊரு, சேத்துக்க’ன்னு நான்தான் சொன்னேன்.”

அடுத்த பாயை எடுக்கக் குனிந்த ஓவியா நிமிர்ந்தாள்.

“அப்படின்னா யாரு வெட்டினதுன்னும் தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் சொல்லல ஆஃப்ரின்?”

“நீயே சொல்லல. உன் வீட்டு விஷயம். நான் எப்படி நடுவுல வர்றது?” அவள் சால்வையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். “அது மட்டும் இல்ல. வாயைத் தொறக்க எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியல. மத்தியானம் ஜெயபிரகாஷ் போன் பண்ணாரு.”

“உனக்கா?”

“ஸ்டாக் தீரப் போகுதாம். பந்தல்ல உக்காந்திருக்கிற உன்னை இனிமே திரையில காட்டினா ஊரு நம்பாதாம். புது முகம் வேணுமாம். நாளைக்குக் காலையில வந்து உன் நாற்காலியில உக்காரச் சொல்றாரு.”

“நீ என்ன சொன்னே?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

“யோசிச்சா?” ஓவியாவின் குரல் உயர்ந்தது. “உன் ஒருத்திக்காகத்தான் இத்தனை பேரு தெருவுக்கு வந்தாங்க!”

“இத்தனை பேருன்னா யாரு? காட்டு பாப்போம்.”

பந்தலில் தண்ணீர் கேன் இருந்தது. கொடி இருந்தது. சற்றுத் தள்ளி, கிளப்பாத வண்டியின் மேல் மணிபாரதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

“எங்க வாப்பாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாயிடுச்சு. மருந்துச் செலவை எத்தனை நாளைக்குத்தான் உம்மா ஒண்டியா பாக்கும்?” ஆஃப்ரின் குரலைத் தாழ்த்தினாள். “இதை அவங்க யாருகிட்டயும் என்னால கேக்க முடியாது. எல்லாரும் சங்கத்துல இருக்காங்க. நீ ஒருத்திதான் இப்ப வெளியில இருக்கே. நீ சொல்லு ஓவியா. போகட்டுமா?”

எதிர் மாடியில் ஸ்டூடியோவின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.